உரிமைப் போரும் உறவுப் பாலமும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

மாலைநேர வகுப்பு ஒன்றில் தொடங்கிய நம் கழகம் இன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணுகிறது. தேர்வுக் கட்டணம் செலுத்த வழியின்றித் தவித்த பிள்ளைகள் பலர் இன்று ஆசிரியர்களாகவும், செவிலியர்களாகவும், பொறியாளர்களாகவும் இவ்வரங்கில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். இதனினும் பெரிய பேறு ஆசிரியர்களாகிய எங்களுக்கு வேறு யாது உளது?

ஆயினும், மகிழ்ச்சியோடு மகிழ்ச்சியாக ஒரு கவலையையும் இவ்விடத்தே கூறியாக வேண்டும். இவ்விழாவிற்கு யாரை அழைப்பது, எந்தக் கட்சியினரை மேடையில் அமர்த்துவது என்ற வினா எழுந்தபோது நம் இளைஞரிடையே கடும் சொற்போர் மூண்டது. ஒரு சாரார், "நம் உரிமைக்காகத் தெருவில் நில்லாதவர்க்கு நம் மேடையில் என்ன வேலை?" என்றனர். மற்றொரு சாரார், "எல்லாரோடும் இணங்கிப் போனால்தானே கட்டடத்திற்கு நிதி வரும், விடுதிக்கு ஒப்புதல் வரும்?" என்றனர். நம் பிள்ளைகள் இன்று பல கட்சிகளில் இருக்கின்றனர். பல கொடிகளைப் பிடிக்கின்றனர். அது குற்றமன்று, குடியாட்சியில் அஃது இயல்பு. ஆனால், ஒரே தெருவில் பிறந்து ஒரே பள்ளியில் பயின்ற இருவர், கொடி வேறான காரணத்தால் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் செல்லாத நிலை வருமாயின், அது கவலைக்குரியதே.

எனவே, "உரிமைக்குப் போராடுவதா, மாற்றாரோடு உறவுப் பாலம் அமைப்பதா?" என்ற வினாவையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டோம். இவ்வினாவிற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வையும், நம் சென்னை மாகாணத்து முன்னோடிகளின் வாழ்வையும் ஊன்றிப் படித்தாலே போதும்.

ஒரு கழகத்தின் அமைப்பு

1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பம்பாயில் அண்ணல் ஒரு கழகத்தைத் தோற்றுவித்தார். 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை' என்பது அதன் பெயர். விலக்கி வைக்கப்பட்டோரின் நலன் நாடும் சபை என்பது பொருள். கற்பி, கிளர்ச்சி செய், ஒன்று சேர் என்னும் மூன்று கட்டளைகளையும் தன் குறிக்கோளாகக் கொண்டது அச்சபையே. 1925ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சோலாப்பூரில் நம் மாணவர்க்கென ஒரு விடுதியை அது திறந்தது. நம் கல்விக் கழகம் போன்ற அமைப்புகளுக்கெல்லாம் தாய் அதுவே எனலாம்.

அச்சபையின் அமைப்பை இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அதன் தலைவர் சர் சிமன்லால் செடல்வாட் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர். துணைத் தலைவர்களுள் யூதர் இருந்தார், பார்சியர் இருந்தார், பார்ப்பனரும் இருந்தார். ஆனால், அன்றாடப் பணிகளை நடத்திய செயற்குழுவின் தலைவர் அம்பேத்கர். செயலாளரும் பொருளாளரும் ஒடுக்கப்பட்ட மக்களே. சிறப்புப் பதவிகள் பிறர்க்கு. கணக்குப் புத்தகமும் கடிவாளமும் நம்மவர் கையில். மாற்றாரின் செல்வாக்கும் நன்கொடையும் வரவேற்கப்பட்டன. முடிவெடுக்கும் உரிமை மட்டும் கைமாறவில்லை.

அத்துணைத் தலைவர்களுள் பி.ஜி. கெர் என்ற வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இரு முறை இவரைச் சந்திக்கப் போகிறோம்.

மகத் குளம் கற்பிக்கும் பாடம்

மகத் போராட்டத்தை அறியாதார் நம்மில் இலர். ஆனால், குளத்தில் இறங்கி நீர் பருகிய அந்த ஒரு காட்சியை மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை அறிந்தால்தான் பாடம் முழுமை பெறும்.

1923ஆம் ஆண்டு ஆகஸ்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தில் அமைந்த குளங்கள், கிணறுகள், சத்திரங்கள், பள்ளிகள், அலுவலகங்கள் ஆகியவற்றைத் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்பது அது. அதைக் கொண்டு வந்தவர் எஸ்.கே. போலே, நம் மக்களுள் ஒருவர் அல்லர். அதனை ஏற்று மகத் நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் இயற்றியது. இவ்வளவும் தாளில் நடந்தவை. குளக்கரையில் யாதொரு மாற்றமும் இல்லை. கால்நடைகள் நீர் பருகின. மனிதர் பருக முடியவில்லை. மூன்றாண்டுகள் அத்தீர்மானம் உறங்கிக் கிடந்தது.

1927 மார்ச் 19, 20 ஆகிய நாள்களில் மகத்தில் மாநாடு கூடியது. இரண்டாம் நாள் அண்ணல் முன்செல்ல, மக்கள் அணிவகுத்துச் சென்று குளத்து நீரைப் பருகினர். உறங்கிய தீர்மானத்தைத் தட்டியெழுப்பியது அந்த நடைதான். பாலம் மட்டும் போதும் என்பாருக்கு இஃது ஒரு விடை. நல்லெண்ணம் படைத்த சிலர் சட்டமன்றத்தில் கையுயர்த்தியதால் மட்டும் ஒரு துளி நீர்கூட நமக்குக் கிடைத்துவிடவில்லை.

அடுத்து நிகழ்ந்ததைக் காண்போம். நம் மக்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகின்றனர் என்று வதந்தி பரப்பப்பட்டது. மாநாட்டிற்கு வந்தோர் தாக்கப்பட்டனர், பலர் காயமுற்றனர். தப்பியோடிய சிலர்க்கு அடைக்கலம் அளித்தவை இசுலாமியர் இல்லங்கள். திருப்பித் தாக்கும் வலிமை நம் மக்களுக்கு இருந்தது. படையில் பணியாற்றித் திரும்பியவர்கள் அவர்களுள் இருந்தனர். எனினும் அண்ணல் அவர்களைக் கட்டுப்படுத்தினார். தாக்கியோர்மீது வழக்கு நடந்து ஐவர்க்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. குளத்தையோ சாதி இந்துக்கள் சடங்கு செய்து 'தூய்மைப்படுத்தினர்'. நகராட்சியும் தன் பழைய தீர்மானத்தை ஆகஸ்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் அறப்போர் தொடங்க முடிவாயிற்று. அப்போது பார்ப்பனரல்லாதார் இயக்கத் தலைவர்களான ஜேதே, ஜவல்கர் இருவரும் ஆதரவு தர முன்வந்தனர். ஒரே ஒரு நிபந்தனை: பார்ப்பனர் எவரும் அப்போரில் பங்கு கொள்ளலாகாது. மிகுந்த எண்ணிக்கை வலிமை கொண்ட நேசக் கரம் அது. அண்ணல் அந்த நிபந்தனையை ஏற்க மறுத்துவிட்டார். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கொள்கையே தம் பகை என்பதிலும், பிறப்பைக் கொண்டு எவரையும் விலக்குவது தம் வழியன்று என்பதிலும் அவர் உறுதியாக நின்றார். டிசம்பர் 25ஆம் நாள் மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தை அம்மாநாட்டில் கொண்டு வந்தவர் சகஸ்ரபுத்தே என்னும் பார்ப்பனத் தோழர் என்பதையும், அதை வழிமொழிந்தவர் ராஜ்போஜ் என்னும் நம்மவர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மாநாட்டுக்குச் சாதி இந்துக்கள் இடம் தர மறுத்தபோது நிலம் தந்தவர் ஓர் இசுலாமியர் என்பதும் நன்றியோடு நினைக்கத்தக்கது.

இதற்கிடையில் எதிர்த்தரப்பினர் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடையாணை பெற்றுவிட்டனர். ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர், சிறை செல்லவும் பெயர் கொடுத்திருந்தனர். அந்நிலையில் குளத்தை நோக்கிச் செல்வதை நிறுத்தி வைப்போம் என்று அண்ணல் முடிவு செய்தார். எத்துணைக் கடினமான முடிவு! "அஞ்சிவிட்டார்" என்று கூற வாயெடுப்பவர் அன்றும் இருந்திருப்பர். ஆனால், சாதி இந்துக்களோடும் அரசோடும் ஒரே வேளையில் மோதுவது நம் மக்களுக்கு நன்மை தராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். குளத்தை விட்டுவிடவில்லை, களத்தை மட்டும் மாற்றினார். தெருவில் தொடங்கியதை நீதிமன்றத்தில் தொடர்ந்தார். பத்தாண்டுகள் வழக்காடி, 1937 மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் மக்களுக்குச் சார்பான தீர்ப்பைப் பெற்றார்.

சட்டமன்றத்தில் ஒரு போலே, தெருவில் ஆயிரக்கணக்கான நம் மக்கள், நீதிமன்றத்தில் பத்தாண்டுப் பொறுமை. இம்மூன்றில் எதை நீக்கினாலும் சவுதார் குளம் நமக்கில்லை. இதுவே இன்றைய உரையின் சாரம் என்று கொள்க.

சென்னை மாகாணத்துப் பெரியோர்

இனி நம் மண்ணுக்கு வருவோம். அயோத்திதாசப் பண்டிதர் காலத்தில் நம் பிள்ளைகளுக்குச் சென்னையில் பள்ளிக் கதவுகள் அடைபட்டிருந்தன. அப்போது பிரம்மஞான சபையைச் சேர்ந்த கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கடல் கடந்து வந்த ஒருவரோடு பண்டிதர் நட்புப் பூண்டார். 1898இல் அவரோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். அதே பண்டிதர்தாம் 1907இல் இதழ் தொடங்கித் தம் இறுதிக் காலம்வரை சாதியத்தைச் சாடி எழுதினார். நட்பு அவர் எழுதுகோலின் கூர்மையை மழுக்கவில்லை.

இரட்டைமலை சீனிவாசனாரையும் எம்.சி. ராஜா அவர்களையும் எண்ணிப் பாருங்கள். எம்.சி. ராஜா நம்மைப் போன்று பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். 1922இல் இழிபெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு ஏடுகளில் இடம்பெறச் செய்தவர். சீனிவாசனார் 1924இல் பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றில் அனைவர்க்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியவர். அம்மன்றத்தில் நம் உறுப்பினர்கள் சிலரே. பிறரின் வாக்குகளைப் பெறாமல் அத்தீர்மானம் நிறைவேறியிருக்க இயலாது.

1932இல் இவ்விருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். சீனிவாசனார் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு நின்று தனித் தொகுதி கோரினார். எம்.சி. ராஜாவோ மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு கூட்டுத் தொகுதியே போதும் என்றார். எத்துணைச் சினமும் வசையும் அன்று இரு தரப்பிலும் எழுந்திருக்கும்! ஆயினும் செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தத்தில் இருவரும் கையொப்பமிட்டனர். அரசின் தீர்ப்பில் 71ஆக இருந்த மாகாணச் சட்டமன்ற இடங்கள் அதன்வழி 148ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்திற்கு 30 இடங்கள். தனித் தொகுதி உரிமை பறிபோனது பெரும் இழப்பு. அந்த ஒப்பந்தத்தின் கசப்பை அண்ணல் இறுதிவரை மறக்கவில்லை. எனினும், கையொப்பமிடும் வேளையிலும், ஒவ்வொரு மாகாணத்தின் கல்வி மானியத்திலிருந்தும் நம் மக்களின் கல்விக்குப் போதிய தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்ற விதியை அதில் எழுத்தில் இடம்பெறச் செய்தனர். விட்டுக்கொடுக்க நேர்ந்த இடத்திலும் வெறுங்கையோடு எழுந்து வரவில்லை.

எம்.சி. ராஜாவின் பிற்காலம் மற்றொரு பாடம். 1938இல் குடியுரிமைத் தடைகளை நீக்கும் அவருடைய மசோதா, காங்கிரசு அமைச்சரவையின் ஒத்துழைப்போடு சட்டமாயிற்று. அதே ஆண்டில் அவர் கொண்டு வந்த கோயில் நுழைவு மசோதாவை அதே அமைச்சரவை ஆதரிக்க மறுத்தது, அது தோற்றது. எந்தக் கையை நம்பிக் கூட்டுத் தொகுதியை ஏற்றாரோ அந்தக் கையே விலகிக்கொண்டபோது அவர் மனம் கசந்தார். பாலம் சில பொருள்களைச் சுமந்து வரும். சிலவற்றைச் சுமந்து வராது. இவ்வுண்மையை அறிந்து நடப்பவனே ஏமாற்றம் அடையமாட்டான்.

மீண்டும் கெர்

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன பெயருக்கு வருவோம். 1924இல் அண்ணலின் சபைக்குத் துணைத் தலைவராயிருந்த பி.ஜி. கெர், 1937இல் பம்பாய் மாகாணத்தின் காங்கிரசு முதலமைச்சர் ஆனார். அண்ணலோ சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் எதிர் வரிசையில் அமர்ந்தார். 1938 ஜனவரியில் கோதி என்னும் நிலவரி முறையை ஒழிக்கக் கோரி ஆயிரக்கணக்கான உழவர்களைத் திரட்டி முதலமைச்சர் கெரிடமே கோரிக்கை வைத்தார். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், தொழிற் தகராறு மசோதாவை எதிர்த்துப் பொதுவுடைமையரோடு சேர்ந்து பெரும் வேலைநிறுத்தம் நடத்தினார். பொதுவுடைமையரோடு அவருக்குக் கொள்கை வேற்றுமை உண்டு. எனினும் ஒரு குறிப்பிட்ட கோரிக்கைக்காகத் தோளோடு தோள் நின்றார்.

1945இல் காங்கிரசையும் காந்தியடிகளையும் கடுமையாகச் சாடி ஒரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டு அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் பம்பாயிலிருந்து செல்ல வழியில்லை. வங்கத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் முதலானோர் துணை நின்று அவரை அங்கிருந்து அனுப்பி வைத்தனர். பிரிவினையால் அந்த இடமும் பறிபோயிற்று. அந்நிலையில், 1947 ஜூன் 30ஆம் நாள் இராசேந்திர பிரசாத் பம்பாய்க்குக் கடிதம் எழுதினார். டாக்டர் அம்பேத்கரின் பணி சபைக்குத் தேவை. அவரைப் பம்பாயிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்புக என்பது அக்கடிதத்தின் கருத்து. கடிதத்தைப் பெற்றவர் யார்? அதே கெர்தான்!

இடையே தெருவில் எதிர்த்தார், மன்றத்தில் எதிர்த்தார், நூலில் எதிர்த்தார். ஆயினும் எதிர்ப்பு கொள்கை பற்றியதாகவே இருந்தமையால், தேவை வந்த வேளையில் இரு தரப்பினரும் ஒரு மேசையில் அமர முடிந்தது. 1947 ஆகஸ்டில் சட்ட அமைச்சரானார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவும், நம் கல்வி நலனை அரசின் கடமையாக்கிய 46ஆவது பிரிவும் அச்சட்டத்தில் இடம்பெற்றன. வாழ்நாள் முழுதும் எதிர்த்த கட்சியோடு சேர்ந்து அமைச்சரவையில் அமர்ந்தது சரணாகதியா? 1951 செப்டம்பரில் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டபோது பதவியைத் துறந்து வெளியேறினாரே, அச்செயலே விடை கூறும். உள்ளே செல்லத் தெரிந்தவர்; வெளியே வரவும் தெரிந்தவர்.

உரைகல் நான்கு

இவ்வரலாற்றிலிருந்து நான்கு உரைகற்களை இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். மாற்றுக் கட்சியினரோ மாற்றுச் சமுதாயத்தினரோ நேசக் கரம் நீட்டும்போது இவற்றில் உரைத்துப் பாருங்கள்.

முதலாவது, நிபந்தனை யாது? நம் தோழர் ஒருவரைக் கைவிடச் சொன்னால், அல்லது நம் தன்மானத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால், அந்தக் கரம் எத்துணை வலியதாயினும் வேண்டா.

இரண்டாவது, கடிவாளம் யார் கையில்? மாலையும் மேடையும் அவர்க்குத் தரலாம். கணக்கும் முடிவும் நம் குழுவின் கையில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, எழுத்தில் கிடைத்தது யாது? இனிய சொற்கள் காற்றில் கரையும். தீர்மானம், அரசாணை, பத்திரம், ஒதுக்கீடு என ஏட்டில் ஏறியதே நம் பேரப்பிள்ளைகளுக்குச் சேரும்.

நான்காவது, வெளியேறும் வாயில் திறந்திருக்கிறதா? திரும்ப இயலாத வழியில் செல்பவன் கூட்டாளி அல்லன், அடிமை.

இந்நான்கிலும் தேறும் உறவை, "அவன் வேறு கட்சிக்காரன்" என்ற ஒரே காரணத்திற்காகத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. அதே வேளையில், நம்மை மனிதராகவே ஏற்காதவரோடும், நம் மக்கள்மீது கைவைத்தவர்க்குப் பரிந்து பேசுவோரோடும் பாலம் கட்ட வேண்டிய கடமை நமக்கு இல்லை. அவர்களைச் சந்திக்க வேண்டிய இடம் நீதிமன்றம். கருத்து வேற்றுமை ஒன்று, இழிவுபடுத்தல் வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அரசியல் கல்வியின் அரிச்சுவடி.

அண்மைக் காலச் சான்று

பழங்காலத்துக் கதை என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. 1989இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்குவது போன்றதொரு தீர்ப்பை 2018 மார்ச் 20ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கியது. ஏப்ரல் 2ஆம் நாள் நாடெங்கும் நம் மக்கள் தெருவுக்கு வந்தனர். பல உயிர்கள் பலியாயின. அத்துயரத்தின்மீது எழுந்த குரல் கட்சி எல்லைகளைக் கடந்து நாடாளுமன்றத்தை எட்டியது. ஆளும் கட்சியிலிருந்த நம்மவரும் பேசினர். எதிர்க்கட்சியிலிருந்த நம்மவரும் பேசினர். ஆகஸ்டில் இரு அவைகளும் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றின. 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. தெருவில் யாரும் நில்லாதிருந்தால் நாடாளுமன்றம் அசைந்திருக்குமா? நாடாளுமன்றத்தில் பல கட்சிகளின் கைகள் உயராதிருந்தால் தெருவில் சிந்திய குருதிக்குப் பயன் விளைந்திருக்குமா?

நாங்கள் பணியாற்றிய ஓர் ஊரிலும் சிறிய அளவில் இதனைக் கண்டோம். குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு வரும் பாதை மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் நம் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே விடுப்புக் குறிகளே மிகுதி. மனுக்கள் பல ஆண்டுகள் அலுவலகத்தில் உறங்கின. இளைஞர்கள் சாலையில் அமர்ந்த பிறகே அதிகாரிகள் வந்து பார்த்தனர். வந்தபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. பாதையின் நடுவே ஒரு துண்டு நிலம், மற்றொரு சமுதாயத்தைச் சேர்ந்த உழவர் ஒருவரின் பட்டாவில் இருந்தது. அவர் வேறு கட்சி. போராடிய இளைஞர்மீது வருத்தத்திலும் இருந்தார். அவர் மகளும் அதே பள்ளியில்தான் பயின்றாள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நம் தாய்மார் இருவர் அவர் மனைவியோடு பேசத் தொடங்கி, மூன்று மாதப் பேச்சுக்குப் பின் அவர் இசைந்தார். "வாய்ச் சொல் போதும்" என்று பெரியவர்கள் கூறியபோது, "ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும்" என்று வற்புறுத்தியவர்கள் சாலையில் அமர்ந்த அதே இளைஞர்கள். அவரும் பதிவு செய்து கொடுத்தார். அடுத்த கார்த்திகையில் பதிவேடு மாறியது. அப்பாதையைப் பெற்றுத் தந்தது போராட்டமா, பேச்சா என்று அவ்வூரில் இன்றும் வாதிடுவோர் உண்டு. பிள்ளைகள் அதில் நடந்து போகின்றனர்.

நாம் செய்ய வேண்டுவன

இளைஞர்களே! நீங்கள் எக்கட்சியில் இருப்பினும் இருங்கள். அங்கே கொடி பிடிப்பதோடு நில்லாது, நம் கோரிக்கைகளைக் கொண்டு செல்லும் தூதுவராக இருங்கள். ஆண்டுக்கொரு முறையேனும் எல்லாக் கட்சியிலும் உள்ள நம் பிள்ளைகள் இக்கழகத்தின் கூரையின் கீழ்க் கூடி, விடுதி, கல்வி உதவித்தொகை, பட்டா, சுடுகாட்டுப் பாதை ஆகியவை பற்றி ஒரே பட்டியலை எழுதுங்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அப்பட்டியல் மாறலாகாது. பட்டியலை எடுத்துச் செல்லும் கை மட்டும் மாறட்டும்.

நம்முள் இருக்கும் உட்பிரிவுகளுக்கிடையே முதற்பாலம் கட்டுங்கள். நம் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே பாலமின்றி, டெல்லிக்குப் பாலம் கட்ட இயலாது. மகளிரைக் குழுக்களில் முன்வரிசையில் அமர்த்துங்கள். 1927இலேயே மகத்தில் மகளிர்க்கெனத் தனியே உரையாற்றியவர் அண்ணல்.

பெரியோர்களே! இளைஞர் சினங்கொள்ளும்போது "பொறு, கெடுத்துவிடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சினம் இல்லையேல் தீர்மானங்கள் உறங்கும். அதைச் சட்டமும் சான்றும் அறிந்த சினமாக ஆக்குவதே நம் கடமை. அதற்குத்தான் கல்வி, அதற்குத்தான் இக்கழகம். அரசியல் சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் எளிய தமிழில் பயிற்றும் வகுப்பொன்றை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குவோம் என்று ஆட்சிக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். ஆசிரியர்களாகிய நாங்கள் ஊதியமின்றிக் கற்பிக்க அணியமாயிருக்கிறோம்.

இம்மேடையில் யார் அமரலாம் என்ற வினாவிற்கும் இவ்வளவில் விடை கிடைத்திருக்கும் என நம்புகிறோம். நம் கோரிக்கைப் பட்டியலைக் கையில் வாங்கிப் படித்து, எழுத்தில் மறுமொழி தர இசையும் எவரும் அமரலாம், எக்கொடியும் தடையன்று. மறுமொழி வாராவிடில் அவர் வீட்டு வாயிலுக்கும் அலுவலக வாயிலுக்கும் நாம் செல்லும் வழி நமக்குத் தெரியும்.

இருபத்தைந்து ஆண்டுகள் இக்கழகத்தைக் காத்தவர்கள் பல கட்சியினர். இனி வரும் இருபத்தைந்து ஆண்டுகளும் அவ்வாறே காப்போம். பொன்விழாவில் இம்மேடையில் நின்று பேசும் தலைமையாசிரியை, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவியருள் ஒருவராக இருக்கட்டும் என வாழ்த்தி அமைகிறோம்.

வளர்க கல்விக் கழகம்! வெல்க ஒற்றுமை!